அம்புக்கு இறகு கட்டியோர்

போர்களின் வரலாற்றை எழுதியோர் வில்லைப் பற்றி நிரம்ப எழுதினர். வில்லேந்திய வீரரைப் பற்றியும் ஓரளவு எழுதினர். அம்பின் பின்முனையிலே இறகினை எவ்வாறு பொருத்தினர், பொருத்திய கைகள் எவருடையவை என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. அற்ப விடயமென ஒதுக்கிவிடலாம். ஆயினும் மனிதன் தன் கருவிகளை ஆக்கிய முறையிலேதான் அவனது சமுதாய வரலாறு பொதிந்து கிடக்கிறது என்று நம்புகின்ற நமக்கு, அம்பின் இறகு அவ்வளவு இலேசில் தள்ளிவிடத்தக்க பொருளன்று.

விளையாட்டுக்காக அம்பெய்வோரிடையே இன்று ஒரு விவாதம் உண்டு. இறகினை அம்பின் தண்டிலே இருபுறமும் ஒட்டும் நாடாவினால் ஒட்டுவதா, அன்றிப் பசையினால் ஒட்டுவதா என்பதே அது. நாடா விரைவானது, காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பிழைத்தால் உரித்தெடுத்து மீண்டும் ஒட்டலாம். பசையோ பொறுமை கேட்பது, ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் கூடுதலாகத் தாக்குப் பிடிப்பது. நாடாவின் கட்சியைச் சேர்ந்தோரிற் பலர்கூட இறகின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒவ்வொரு துளி பசை இடுவதையோ, நூலால் நாலு சுற்றுச் சுற்றுவதையோ கைவிட்டாரல்லர். ஓய்வு நேரத்தைச் சிக்கனப்படுத்த விரும்பும் மனிதரின் விவாதம் இது. குற்றமொன்றுமில்லை. ஆனால் இதே வினா, ஓய்வு என்ற சொல்லையே அறியாத மனிதரின் கைகளில், உணவுக்கும் உயிருக்கும் உரிய வினாவாக இருந்த காலங்கள் பல.

முதலில் இறகின் பணியை விளங்கிக்கொள்வோம். அம்பின் பாரம் முன்னே கூர்முனையில் இருக்கிறது. பின்னேயுள்ள இறகு காற்றை எதிர்த்து இழுபட்டு, அம்பு குறுக்கே திரும்பாது நேரே செல்லுமாறு காக்கிறது. இறகிற்கு இயல்பாகவே ஒரு வளைவு உண்டு. பறவையின் இடச்சிறகின் இறகு ஒரு பக்கமும் வலச்சிறகின் இறகு மறுபக்கமும் வளைந்திருக்கும். ஆகவே ஓர் அம்பிற் பொருத்தும் மூன்று இறகுகளும் ஒரே பக்கச் சிறகினவாய் இருத்தல் வேண்டும். அப்போதுதான் அம்பு ஒருமுகமாகச் சுழன்று செல்லும். நியூகினித் தீவிலே வேட்டையாடுவோர் இறகே இல்லாத நெடிய அம்புகளை எய்தனர் என்பதும் உண்மையே. மிக அண்மையிலிருந்து எய்வோனுக்கு இறகின் தேவை குறைவு.

பொருத்துவதிலேதான் சிக்கல். நாண் விடுபடும் கணத்திலே அம்பு வில்லின் பக்கத்தையும், சில வேளை எய்பவனின் கையையும் உராய்ந்துகொண்டு செல்கிறது. இறகின் தண்டினது முன்முனை சற்றே கிளம்பியிருந்தால் அது கைத்தசையைக் கிழித்துவிடும். ஆகவே முன்முனையைக் கட்டியே ஆகவேண்டும் என்பது பல மக்களின் அனுபவம். விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரம், நம் தச்சர் அறிந்த பசைதான். காய்ந்தபின் கல்லாக இறுகும், நீர் பட்டால் இளகிவிடும். மழை மிகுந்த நாட்டில் இப்பசையை மட்டும் நம்பியவனின் இறகு வேட்டைக் காட்டின் நடுவே கழன்று விழும். துருக்கியரின் அம்புகளோ கட்டு எதுவுமின்றிப் பசையினாலேயே இறகு ஒட்டப்பெற்றவை, புகழ்பெற்றவையும் அவையே. அங்குள்ள வறண்ட காற்று இதற்கு ஒரு காரணமாதல் வேண்டும். கட்டு முந்தியது, பசை பிந்தியது, நாடா எல்லாவற்றிற்கும் பிந்தியது என்று ஒரு நேர்கோடு வரைந்து, அதற்கு வளர்ச்சி என்று பெயர் சூட்டும் எளிய வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை.

1991 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஆல்ப்ஸ் மலையின் உச்சியிலே, இத்தாலியும் ஒஸ்திரியாவும் எல்லை கொள்ளுமிடத்தில், பனிக்கட்டியினின்றும் ஒரு மனிதனின் உடல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன் அவன். அவனுடன் கிடந்த அம்பறாத்தூணியிலே 14 அம்புத் தண்டுகள் இருந்தன. அவற்றுள் முற்றாகச் செய்து முடிக்கப்பட்டவை இரண்டே; அவையும் முறிந்திருந்தன. மற்றைய பன்னிரண்டும் இறகுமின்றி முனையுமின்றி, இனிச் செய்யவேண்டியனவாய் இருந்தன. முடிந்த இரண்டிலும் மும்மூன்று இறகுகள் பொருத்தப்பட்டிருந்தன. எவ்வாறு? பேர்ச் மரப்பட்டையைச் சுட்டு வடித்த தாரினால் ஒட்டி, அதன்மேல் காஞ்சொறி வகைச் செடியின் நாரிலிருந்து திரித்த மெல்லிய நூலால் சுற்றி! கற்காலம் முடிந்து செம்பின் காலம் தொடங்கும் அந்த வேளையிலேயே பசையும் கட்டும் கைகோத்து நின்றிருக்கின்றன. நீர்பட்டு இளகாத பசை எதுவென அம்மலைவாசிகள் அறிந்திருந்தனர். அறிந்திருந்தும் கட்டையும் விட்டாரல்லர்.

இன்னுமொன்றையும் ஆய்வாளர் கவனித்தனர். இரு அம்புகளிலும் நூல் சுற்றப்பட்ட திசை ஒன்றல்ல. ஆகவே ஒன்று வலக்கையாளன் கட்டியது, மற்றையது இடக்கையாளன் கட்டியது எனக் கருதுவர். அவ்வாறாயின் அவ்வேட்டைக்காரன் தூணியிலே சுமந்தவற்றுள் ஓர் அம்பேனும் பிறிதொருவனின் உழைப்பு. பரிசோ பண்டமாற்றோ, எதுவாயினும் தனித்து நின்று தன் தேவை அனைத்தையும் தானே ஆக்கிக்கொண்ட ஆதிமனிதன் என்னும் கற்பனைக்கு அந்த நூற்சுற்று இடங்கொடுக்கவில்லை. அவன் இறந்தது எதனால் என்பது 2001 இலேதான் தெரியவந்தது. இடத்தோளினுள்ளே ஒரு கல் அம்புமுனை தைத்திருந்தது.

நமது நாட்டிற்கு வருவோமாயின், வேடரின் அம்பு கவனத்துக்குரியது. மயிலின் இறகு அவர்களுக்குக் காட்டிலே கிடைத்தது; தண்டும் காட்டிலே கிடைத்தது. இரும்பு முனை ஒன்றுதான் காட்டிலே கிடைக்காதது. கண்டி இராச்சியத்திலே பல்லாண்டு சிறையிருந்து தப்பிய ரொபேர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலிலே, இதற்கு அவர்கள் கண்ட வழியை எழுதியுள்ளார். இரவிலே இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லனின் கம்மாலையிலே தொங்கவிடுவர். வேண்டிய அம்புமுனையின் வடிவிலே வெட்டிய ஓர் இலையையும் அருகே தொங்கவிடுவர். கொல்லன் அவ்வண்ணம் செய்து வைத்தால் மீண்டும் இறைச்சி வரும். செய்யாது விட்டால் அம்பு வரும். முகம் காணாத இப்பண்டமாற்றை வேடிக்கையாகக் கூறிச் சிரிப்போர் உளர். காட்டின் எல்லையிலே அம்பு என்னும் ஒரே பொருள் இரு பொருளாதாரங்களுக்குரியதாய்ப் பிரிவதை நாம் அதில் காண்கிறோம். இறகு தன்னுடையது, இரும்பு பிறருடையது.

இப்பிரிவு முற்றி முதிர்ந்த இடம் இங்கிலாந்து. கிரெசிப் போர் 1346 இலும், புவாத்தியேப் போர் 1356 இலும், அஜின்கோர்ட் போர் 1415 இலும் நடந்தன. மூன்றிலும் ஆங்கில நெடுவில் பிரெஞ்சுப் பிரபுக்களின் குதிரைப்படையை வீழ்த்தியது. பாடசாலை நூல்கள் இவ்வெற்றிகளை மன்னரின் பெயரால் வழங்கும். சேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்திலே அஜின்கோர்ட்டில் மாண்ட ஆங்கிலேயரின் பட்டியல் படிக்கப்படும்போது நால்வரின் பெயர் கூறப்படுகிறது. ஏனையோர் பெயருக்குரியவரல்லர், எண்ணிக்கையில் இருபத்தைந்து பேர். மாண்டோரின் நிலையே இதுவானால், அவர்களுக்கு அம்பு செய்தோரின் நிலையைக் கேட்பானேன்?

அம்பு செய்வது அக்காலத்து இங்கிலாந்தில் ஒருவரின் தொழிலன்று. வில் செய்வோர் ஒரு சாரார். அம்புமுனை அடிக்கும் கொல்லர் மற்றொரு சாரார். நாண் திரிப்போர் வேறு. தண்டைச் சீவி இறகு பொருத்துவோர் வேறு. 1371 இல் இலண்டன் நகரத்து இறகு பொருத்துவோர் நகரத் தலைவரிடம் முறையிட்டு, வில் செய்யும் தொழிலினின்றும் தம் தொழில் பிரித்துவைக்கப்படச் செய்தனர். ஒருவன் இரண்டையும் செய்தலாகாது என்பது ஏற்பாடு. வில்லிலே கைவைத்தவனுக்கு இறகிலே நேர்த்தி இராது என்ற நியாயமும், தன் பிழைப்பிலே மற்றவன் புகுந்துவிடுவானோ என்ற அச்சமும் அதிலே சமபங்காகக் கலந்திருந்தன. பிளெச்சர் என்னும் ஆங்கிலக் குடும்பப் பெயர் இத்தொழிலாளரின் பெயரே.

அவர்கள் இறகினைப் பொருத்திய முறை இரட்டை முறை. தண்டிலே பசை பூசி, அதன்மேல் ஏறத்தாழ ஆறங்குல நீளமுள்ள வாத்திறகுகள் மூன்றை அமர்த்தி, அதன்பின் நுண்ணிய நூலை இறகின் மயிர்களுக்கு ஊடாக, அவை கலையாதவாறு பிரித்துப் பிரித்து, சுருளாகச் சுற்றிக்கொண்டு போவர். பசை இட ஒரு கணம். நூல் சுற்ற ஒரு பொழுது. பசைமட்டும் போதுமென்றால் வேலை பாதியாகும். ஆனால் அம்புகள் கோபுரக் களஞ்சியத்திலே ஆண்டுக்கணக்கிற் கிடக்கவேண்டும்; கப்பலிலே கடல் கடக்கவேண்டும்; பிரான்சின் சேற்றிலும் மழையிலும் பயன்படவேண்டும். ஆகவே கட்டு இன்றியமையாததாயிற்று. அந்தக் கட்டின் கூலியே போரின் மறைவான செலவு.

வாத்தின் கதை இன்னும் சுவையானது, கசப்பானதுமாம். ஒரு வாத்தின் சிறகிலே அம்புக்கு உகந்த வலிய இறகு சிலவே உள. 1417 இலே ஐந்தாம் ஹென்றி மன்னன் மீண்டும் பிரான்சின்மீது படையெடுக்க ஆயத்தம் செய்கையில், 20 மாவட்டங்களின் ஷெரிப்புகளுக்கு ஒரு கட்டளை பிறந்தது. அடைகாக்கும் வாத்துகள் நீங்கலாக ஒவ்வொரு வாத்தினின்றும் ஆறு சிறகிறகுகளைப் பறித்து இலண்டன் கோபுரத்துக்கு அனுப்பவேண்டும் என்பதே அது. அடுத்த ஆண்டிலே, 1418 இல், 1,190,000 இறகுகள் வேண்டுமென மற்றொரு கட்டளை. மன்னனிடமிருந்து ஷெரிப்புக்கும், ஷெரிப்பிடமிருந்து அவனது ஏவலாளருக்குமாகப் படிப்படியாக இறங்கிய அரச ஆணை, ஈற்றில் யாரோ ஒரு குடியானவளின் முற்றத்திலே நின்ற வாத்தைப் பிடித்தது.

நாம் சிறிது கணக்குப் பார்ப்போம். ஓர் அம்புக்கு மூன்று இறகு வீதம் 1,190,000 இறகும் ஏறத்தாழ 4 இலட்சம் அம்புகளுக்குப் போதுமானவை. வாத்தொன்றுக்கு ஆறு வீதம் பறிப்பதாயின், ஏறத்தாழ 2 இலட்சம் வாத்துகள் வேண்டும். பழகிய வில்லாளன் ஒருவன் நிமிடத்துக்குப் பத்து அம்பு எய்யவல்லவன். ஐயாயிரம் வில்லாளர் ஒருங்கே எய்தால் அந்த 4 இலட்சமும் எட்டு நிமிடத்துக்குத் தாங்கும். இரண்டு இலட்சம் வாத்துகளிற் பறித்து, கழுவி, பிளந்து, ஒட்டி, நூல் சுற்றி முடித்த உழைப்பு எட்டு நிமிடத்திற் சேற்றிலே புதைந்துவிடும்.

தண்டுக்கும் அரசு கைநீட்டியது. அஸ்பென் என்னும் இலேசான மரம் அம்புத் தண்டுக்குப் பெரிதும் பயன்பட்டது. அதே மரத்தினால்தான் ஏழை எளியோர் சேற்றிலே நடக்கும் மரமிதியடியும் செய்யப்பட்டது. 1416 இல் இயற்றப்பட்ட சட்டம், மிதியடி செய்வோர் அஸ்பென் மரத்தைத் தொடலாகாது என்றும், தொட்டால் 100 ஷில்லிங் தண்டம் என்றும் விதித்தது. அன்றைய வில்லாளன் ஒருவனின் நாட்கூலி ஆறு பென்ஸ் என்பதை நினைவிற் கொண்டால், இருநூறு நாட் கூலிக்குச் சமமான தண்டம் இது. அம்புக்கு உதவாத அஸ்பென் மரத்தையேனும் தமக்கு விடுமாறு மிதியடி செய்வோர் வேண்டி, அது சட்டமாவதற்கு நான்காம் எட்வேட் காலம்வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, காத்திருக்க நேர்ந்தது.

இத்துணை அம்புகள் நாட்டிலே பெருகியிருக்க, அவற்றை எய்யப் பயிற்றப்பட்ட மக்களின் நிலை என்ன? மூன்றாம் எட்வேட் மன்னன் 1363 இல், உடல்வலியுள்ள ஆடவர் அனைவரும் திருநாட்களிலே பந்தாட்டம் முதலியவற்றை விட்டு வில்லெய்தலே செய்யவேண்டுமென ஆணையிட்டான். குடியானவன் கையிலே வில்லைக் கொடுப்பது ஆளும் வர்க்கத்துக்கு எப்பொழுதும் இருமுனைக் கத்தி. 1381 இல் அது வெளியாயிற்று. தலைவரியின் கொடுமை பொறாது கென்ற், எசெக்ஸ் மாவட்டங்களின் குடியானவர் வாட் டைலர் தலைமையில் எழுந்து இலண்டனுட் புகுந்தனர்.

அவ்வெழுச்சியைப் பதிவு செய்த வரலாற்றாசிரியருள் ஒருவர் தோமஸ் வால்சிங்ஹம். சென். அல்பன்ஸ் மடத்துத் துறவி. அவர் எழுச்சியாளரின் படைக்கலங்களை எள்ளி நகையாடுகிறார். தடியேந்தியோர் சிலர், துருவேறிய வாள் ஏந்தியோர் சிலர், பழமையாலும் அடுப்புப் புகையாலும் பழந்தந்தம்போலச் சிவந்த வில்லேந்தியோர் சிலர். அவரிடம் இருந்ததோ ஒவ்வோர் அம்பு. அவற்றுட் பலவற்றில் இருந்ததோ ஒரே ஓர் இறகு.

துறவியார் சிரித்த இடத்திலே நாம் சற்று நிற்க வேண்டும். மூன்று இறகு இருக்கவேண்டிய அம்பிலே ஓர் இறகு எஞ்சியிருந்தது என்றால், பசை இளகி, நூல் அறுந்து, அடுப்பங்கரைக் கூரையிலே ஆண்டுக்கணக்கிற் செருகிக் கிடந்த அம்பு அது. புதிய இறகு கட்டவோ புதிய அம்பு வாங்கவோ அவனிடம் காசில்லை. கோபுரத்துக் களஞ்சியத்துக்கு வேண்டிய அம்புகளைக் கட்டுக்கட்டாக நாடு முழுவதிலுமிருந்து திரட்டிய அரசின் குடிமகனுடைய அம்பு அது! நேரே பறவாது என்பதை அறியாதவனல்லன் அவன். பயிற்சி அரசனே கொடுத்தது. அறிந்தும் எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.

வால்சிங்ஹம் ஏன் சிரித்தார் என்பதற்கும் காரணம் உண்டு. அவரது மடம் தன் நிலக்குடிகள் தத்தம் வீட்டிலே தானியம் அரைக்கக்கூடாதெனத் தடுத்து, அவர்களின் திரிகைக் கற்களைப் பறித்து, மடத்துக் கூடமொன்றின் தளத்திலே பதித்து வைத்திருந்தது. 1381 இல் குடிகள் மடத்துட் புகுந்து அக்கற்களைப் பெயர்த்து, உடைத்து, தேவாலயத்தில் அப்பம் பகிர்வதுபோல ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்து எடுத்துச் சென்றனர். அத்தகைய மடத்தின் பேனா குடியானவனின் அம்பிலே இறகு எத்தனை என்று எண்ணியது வியப்பன்று. ஆனால் பகைமையினால் எண்ணினாலும் எண்ணிவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லாவிடின் அந்த ஓரிறகு அம்பு நமக்குக் கிடைத்திராது. பகைவரின் ஏட்டையும் படிக்கத்தான் வேண்டும்.

அவ்வாண்டு ஜூன் 15 ஆந் திகதி சிமித்பீல்ட் திடலிலே மன்னன் முன்னிலையில் வாட் டைலர் வெட்டி வீழ்த்தப்பட்டார். எழுச்சியாளர் வில்லை வளைத்தனர் என்று அக்கால ஏடுகள் கூறும். பதினான்கு வயதான இரண்டாம் ரிச்சார்ட் மன்னன் குதிரையை அவர்முன் செலுத்தி, தானே அவர்களின் தலைவன் என்று கூற, வளைந்த விற்கள் தளர்ந்தன. அன்றைய வாக்குறுதிகள் பின்னர் ஒவ்வொன்றாக மீறப்பட்டன.

பதினாறாம் நூற்றாண்டிலே துப்பாக்கி வலுப்பெற்றது. 1545 இல் ரோஜர் அஸ்கம் என்னும் கல்விமான் வில்வித்தையைப் புகழ்ந்து தொக்சொபிலஸ் என்ற நூலை எழுதி எட்டாம் ஹென்றி மன்னனுக்குப் படைத்தார். இறகுகளை அவர் மிக நுணுகி ஆராய்ந்து, வாத்திறகுக்கு ஈடில்லை என்று முடிவுசெய்தார். துப்பாக்கிக்கு இறகு தேவைப்படவில்லை. 1595 இல் பிரிவுக் கவுன்சில் பயிற்சிப் படைகளினின்றும் வில்லை விலக்கியது. இறகு பொருத்துவோரின் சங்கம் மட்டும் இலண்டன் மாநகரிலே இன்றுவரை நிலைத்திருக்கிறது; அம்புக்கு இறகு கட்டத் தெரிந்தோரை அதிற் காண்பது அரிது, விருந்துகள் நடைபெறுகின்றன.

அஸ்கம் நூல் வெளிவந்த அதே 1545 இல், ஜூலை 19 ஆந் திகதி, எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி றோஸ் போர்ட்ஸ்மத் துறைக்கு வெளியே கவிழ்ந்து மூழ்கிற்று. ஏறத்தாழ 500 பேர் அதில் இருந்தனர்; தப்பியோர் மிகச் சிலர். 1982 இல் அதன் உடல் மேலே கொணரப்பட்டது. சேற்றினுள்ளிருந்து 170 க்கு மேற்பட்ட விற்களும் 3,500 க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. கிடைத்த எலும்புக்கூடுகளிற் பலவற்றின் தோளெலும்பு, இளமை தொட்டே கனத்த வில்லை இழுத்தமையால் இயல்பாக இணையாது போயிருந்தது என ஆய்வாளர் கருதுவர். அவ்வுடல்களுக்குரியவரின் பெயர் தெரியாது.

அம்புகளோடு வட்டமான தோற்றகடுகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் 24 துளைகள். துளைக்கு ஓர் அம்பு. இறகோடு இறகு உராய்ந்து நசுங்காதிருக்கச் செய்த ஏற்பாடு. இறகுகளையோ 437 ஆண்டுக் கடல் முற்றாகத் தின்றுவிட்டது. ஆனால் அவை இருந்த இடத்திலே பசுமை படர்ந்த ஒரு பூச்சு எஞ்சியிருந்தது. ஆராய்ந்தபோது அப்பசையிலே செம்புக் களிம்பு கலந்திருந்தமை தெரியவந்தது. இறகைப் பூச்சி அரிக்காதிருக்க அந்தக் கைவினைஞர் களிம்பைக் கலந்தனர்; அக்களிம்பே பின்னர் அவர்களின் வேலையைக் கடலினின்றும் காத்தது. அப்பச்சைப் பூச்சின்மேல், முன்முனையிலிருந்து குதைவரை, நூல் சுற்றிச் சென்ற தடங்கள் சாய்ந்த வரிகளாகப் பதிந்திருக்கின்றன. கண்ணாடியை வைத்து நோக்குவோர் அவற்றை இன்றும் ஒவ்வொன்றாக எண்ணலாம்.